96 குழிகளில் ஒரு மூலிகை

ஏதோ ஓர் இலையின் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொன்றுவிட்டதாக ஆய்வகம் ஒன்று கண்டறிந்துள்ளது என்ற செய்தி நாளிதழ்களிலும் வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி வருகிறது. முருங்கை, சீத்தா, நிலவேம்பு, கருஞ்சீரகம், மஞ்சள் என நீளும் அந்தப் பட்டியலில் இடம்பெறாத மூலிகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியானால் பெங்களூருவில் நிமான்ஸை அடுத்துள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையின் மருந்தகத்தில் முருங்கைச் சாரம் ஏன் இல்லை என்ற கேள்வி எழுவது இயல்பு. தாவரங்களுக்கும் புற்றுநோய் மருத்துவத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லி அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஏற்றப்படும் வின்கிறிஸ்டின், வீட்டு முற்றத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் பேக்ளிடாக்சல், அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையில் முதலில் கண்டெடுக்கப்பட்டது. குடல் புற்றுநோய்க்கான இரினோட்டிகானுக்கு மூலமான பொருள், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் இருக்கிறது. ஆகவே தாவரம் மருந்தாக முடியும் என்பதும் உண்மை, செய்தியில் வரும் தாவரங்களில் பெரும்பாலானவை மருந்தாவதில்லை என்பதும் உண்மை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை அறிய, ஆய்வகத்தில் அந்தச் சோதனை எவ்வாறு நடக்கிறது என்பதையும், அதில் கிடைக்கும் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

சாரம்

சோதனையின் முதற்படி தாவரத்தை அடையாளம் காண்பது. நாட்டுமருந்துக் கடையில் ஒரே பெயரில் இரண்டு மூன்று வேறு செடிகள் விற்கப்படுவதும், ஒரே செடிக்கு மாவட்டத்துக்கு ஒரு பெயர் இருப்பதும் வழக்கம் என்பதால், சேகரித்த கிளையை இலை, பூ, காயோடு அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, ஓர் உலர்தாவரத் தொகுப்பில் எண்ணிட்டு வைத்த பிறகே ஆய்வு தொடங்குகிறது. பெங்களூருவின் எலஹங்காவை அடுத்து இயங்கிவரும் எஃப்.ஆர்.எல்.எச்.டி. அமைப்பு இந்திய மருத்துவ முறைகளில் பயன்படும் தாவரங்களுக்கென்றே இத்தகைய தொகுப்பு ஒன்றைப் பேணி வருகிறது. இந்தச் சான்றுக் கிளை இல்லாத ஆய்வை, வேறொருவர் திரும்பச் செய்து சரிபார்க்க வழியில்லை.

அடுத்து, நிழலில் உலர்த்திப் பொடித்த இலையோ பட்டையோ ஒரு கரைப்பானில் ஊறவைக்கப்படுகிறது. ஹெக்சேனில் மெழுகும் எண்ணெய்த்தன்மை உள்ளவையும் இறங்கும். மெத்தனாலில் அல்கலாய்டுகள், ஃபிளாவனாய்டுகள் போன்றவை பெருமளவில் இறங்கும். நீரில் சர்க்கரைகளும் டானின்களும் கூடுதலாக இறங்கும். கரைப்பானை ஆவியாக்கிய பின் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசினே சாரம் எனப்படுகிறது. அதில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் கலந்திருக்கும் என்பதையும், வெவ்வேறு கரைப்பானில் எடுத்த சாரங்கள் ஒரே இலையிலிருந்து வந்திருந்தாலும் வெவ்வேறு பொருள்களே என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். மெத்தனால் சாரத்தில் கிடைத்த முடிவைக் கொண்டு, கஷாயமாகக் காய்ச்சிக் குடிப்பதைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

மஞ்சள் ஊதாவாகும் சோதனை

சாரம் சோதிக்கப்படுவது நோயாளியின் மீதல்ல, செல் வரிசையின் மீது. ஒரு கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, உடலுக்கு வெளியே தொடர்ந்து பிரிந்து பெருகிக்கொண்டே இருக்குமாறு வளர்க்கப்படும் செல்களின் பரம்பரையே செல் வரிசை. மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டவற்றுள் முதலாவதான ஹீலா, 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அது இன்றும் உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கிறது. இந்திய ஆய்வகங்கள் பலவும் தங்களுக்கு வேண்டிய வரிசைகளைப் புணேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்து பெறுகின்றன.

உள்ளங்கை அளவுள்ள தெளிந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் எட்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு என 96 சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்கள் ஊட்டநீர்மத்தோடு இடப்பட்டு, உடல் வெப்பமான 37 பாகை செல்சியஸில் ஓர் இரவு அடியில் ஒட்டிக்கொள்ள விடப்படுகின்றன. மறுநாள், சாரம் ஒரு குழிக்கு மிகுதியாகவும் அடுத்ததற்கு அதில் பாதியாகவும் அதற்கடுத்ததற்கு மேலும் பாதியாகவும் சேர்க்கப்படுகிறது. சில குழிகளில் எதுவுமே சேர்க்கப்படாது. சிலவற்றில் சாரத்தைக் கரைக்கப் பயன்பட்ட கரைப்பான் மட்டும் சேர்க்கப்படும். சிலவற்றில் டாக்சோரூபிசின் போல ஏற்கெனவே பயனறிந்த புற்றுநோய் மருந்து சேர்க்கப்படும். ஒப்பீட்டுக் குழிகள் எனப்படும் இவை இல்லையென்றால், செல்கள் செத்தது சாரத்தாலா, கரைப்பானாலா, அன்றைக்குச் செல்களே நலிந்திருந்ததாலா என்று பிரித்தறிய முடியாது.

இரண்டு அல்லது மூன்று நாள்களுக்குப் பின், எத்தனை செல்கள் எஞ்சின என்பதை ஒவ்வொன்றாக எண்ணாமலே அறிய உதவும் முறையை 1983இல் டிம் மோஸ்மன் வெளியிட்டார். எம்.டி.டி. எனப்படும் மஞ்சள் சாயத்தைக் குழிகளில் இட்டால், உயிருள்ள செல்களின் நொதிகள் அதை ஊதா நிறப் படிகங்களாக மாற்றும். இறந்த செல்லுக்கு அந்த ஆற்றல் இல்லை. மூன்று நான்கு மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், செல்களின் மேல் மெல்லிய ஊசிகளாகப் படிகங்கள் முளைத்திருப்பது தெரியும். அவற்றைக் கரைத்ததும் தட்டின் ஒரு முனையில் அடர்ந்த ஊதாவும், செறிவு கூடிய மறுமுனையில் வெளிறிய நிறமுமாக ஒரு படிவரிசை வெறுங்கண்ணுக்கே புலப்படும். ஒவ்வொரு குழியும் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கருவி அளந்து தருவதைக் கொண்டு, ஊதாவைப் பாதியாகக் குறைக்கும் செறிவு கணக்கிடப்படுகிறது. இதைப் பாதித்தடுப்புச் செறிவு எனலாம். இந்த எண் எவ்வளவு சிறியதோ, சாரம் அவ்வளவு வலியது.

எண்ணின் எல்லை

குழியில் செல் சாவது அரிதான நிகழ்வன்று. உப்பைக் கூட்டினாலும் சாகும், சாராயத்தைக் கூட்டினாலும் சாகும், துணி வெளுக்கும் நீர்மத்தில் ஒரு சொட்டு விட்டாலும் சாகும். ஆகவே எவ்வளவு குறைந்த செறிவில் சாகிறது என்பதே முதற்கேள்வியாகிறது. பண்படாச் சாரம் ஒன்று மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள் பாதித்தடுப்பைக் காட்டினால்தான் அதை மேலே ஆராயத் தகும் என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வழி வந்த அளவுகோல். நூறு மைக்ரோகிராமில் செல்கள் இறந்தன என்ற முடிவைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்: ஐந்து லிட்டர் ரத்தத்தில் அந்தச் செறிவு வேண்டுமானால் அரை கிராம் சாரம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருக்க வேண்டும், அது உடலின் சுமார் 40 லிட்டர் நீரிலும் பரவுமென்றால் நான்கு கிராம் சாரம் குடலால் முழுதும் உறிஞ்சப்பட்டு, கல்லீரலால் சிதைக்கப்படாமல், சிறுநீரில் வெளியேறாமல் தங்க வேண்டும். உடலில் அப்படி நடப்பதில்லை.

மஞ்சளின் குர்குமின் இதற்குத் தெளிவான சான்று. தட்டில் அது எத்தனையோ வகைப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது. ஆனால் 2001இல் தைவானில் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 8 கிராம் விழுங்கியவர்களின் ரத்தத்திலும் சராசரி உச்சச் செறிவு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமை எட்டவில்லை. தட்டுச் சோதனைகளில் வழக்கமாக இடப்படுவது இதைப்போல் பல மடங்கு. குர்குமின் பற்றி 120க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்தும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது போலி என்று தெரியாதபடி நடத்தப்பட்டவற்றில் ஒன்றிலும் தெளிவான வெற்றி கிட்டவில்லை என்று 2017இல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி இதழில் வெளிவந்த விரிவான மதிப்பாய்வு காட்டியது.

நிறம் வேறு வழியிலும் ஏமாற்றும். மூலிகைகளில் மிகுந்துள்ள பாலிஃபீனால்கள், செல் ஒன்றுகூட இல்லாத குழியிலும் மஞ்சள் சாயத்தைத் தாமே ஊதாவாக்கிவிடக் கூடியவை. அப்போது இறந்த செல்களும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் வரும். செல் சாகாமல் சோர்ந்து மட்டும் இருந்தாலும் ஊதா குறையும்; அப்போது உயிருள்ள செல்லும் இறந்ததாகக் கணக்கில் வரும். எனவே கவனமான ஆய்வாளர்கள் செல்லில்லாத குழியில் சாரத்தை மட்டும் இட்டுப் பார்ப்பதோடு, இறந்த செல்லுக்குள் மட்டும் புகும் டிரைப்பான் நீலச் சாயத்தைக் கொண்டும் மறுபரிசோதனை செய்கிறார்கள். செல் வரிசையின் அடையாளமே பிழைபடுவதும் உண்டு: மார்பகப் புற்றுநோய் வரிசை என்று நெடுங்காலம் நம்பப்பட்ட எம்.டி.ஏ.-எம்.பி.-435, மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் மரபணு முத்திரைகளைத் தாங்கியிருப்பது 2000ஆம் ஆண்டளவில்தான் தெரியவந்தது.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் அதே செறிவில் நலமான செல்லும் சாகுமானால் அது வெறும் நஞ்சு. ஆகவே அதே தட்டில் நலமான செல்களையும் வைத்து, இரண்டின் பாதித்தடுப்புச் செறிவுகளையும் ஒப்பிட்டுத் தேர்வுத்திறன் கணக்கிடப்படுகிறது. செல் எப்படி இறந்தது என்பதும் பார்க்கப்படுகிறது. சவ்வு கிழிந்து உள்ளிருப்பது வெளியே கொட்டியதா, அல்லது செல் தன் டி.என்.ஏ.வைத் துண்டாக்கி, சுருங்கி, சிறு பொதிகளாகப் பிரிந்து அடங்கும் திட்டமிட்ட செல் இறப்பா என்று பிரித்தறிய, இறப்பின் தொடக்கத்தில் செல்லின் மேற்பரப்புக்கு வரும் ஒரு கொழுப்பை ஒளிரச் செய்யும் சாயங்கள் பயன்படுகின்றன.

இந்த ஏற்பாடு முழுவதையும் மேலிருந்து கீழாகக் கண் சிறுத்துக்கொண்டே போகும் சல்லடை அடுக்கு எனலாம். தட்டுச் சோதனை அதன் மேல் சல்லடை; விரைவும் செலவுக் குறைவுமே அதன் சிறப்பு. அதைக் கடந்ததை மட்டும் கொண்டு விளைச்சலைக் கணக்கிடுவதே செய்தித்தலைப்புகளின் பிழை.

ஒரு மரம் கடந்த வழி

எல்லாச் சல்லடைகளையும் கடந்த ஒன்றைப் பின்தொடர்ந்தால் தொலைவு இன்னும் தெளிவாகும். 1950களில் அமெரிக்க வேளாண் துறை, கார்ட்டிசோன் தயாரிக்க உதவும் ஸ்டீராய்டுகளைத் தேடிப் பல்லாயிரம் தாவரங்களைச் சேகரித்து வைத்திருந்தது. அந்த இருப்பிலிருந்து சுமார் ஆயிரம் சாரங்களைப் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்பியபோது, சீன மரமான கேம்ப்டோதீக்கா அக்யூமினாட்டாவின் சாரம் தனித்துத் தெரிந்தது. மன்றோ வால், மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானி ஆகியோர் அச்சாரத்தைப் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் சோதித்து, செயல் எந்தப் பங்கில் இருந்ததோ அதை மட்டும் மீண்டும் பிரித்து, இறுதியில் 1966இல் கேம்ப்டோதெசின் என்ற ஒற்றைப் பொருளை அறிவித்தனர். சோதனை வழிகாட்டப் பிரித்தெடுக்கும் இந்த முறையே சாரம் என்ற கலவைக்கும் மருந்து என்ற மூலக்கூறுக்கும் நடுவில் உள்ள பாலம். பண்படாச் சாரம் பத்து இருபது மைக்ரோகிராமில் செய்வதை, இந்தத் தூய பொருள் ஒரு மைக்ரோகிராமின் நூறில் ஒரு பங்கு அளவிலேயே பல செல் வரிசைகளில் செய்கிறது.

1972இல் இந்தியாவிலிருந்து ஒரு முக்கியச் செய்தி வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து, பின் பம்பாயில் சீபா ஆய்வு மையத்தின் இயக்குநரான டி. ஆர். கோவிந்தாச்சாரி, என். விசுவநாதனோடு சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேப்பியா ஃபீட்டிடா மரத்திலும் கேம்ப்டோதெசின் இருப்பதைக் கண்டறிந்தார். இன்று நோதபொடைட்டிஸ் நிம்மோனியானா என்று அழைக்கப்படும் இம்மரத்தைக் கன்னடத்தில் துர்வாசனை மரம் என்பர். அதன் பூவின் நாற்றம் அப்படி. சீன மரத்தைவிட இதில் அப்பொருளின் அளவு கூடுதல்.

ஆனால் அதே 1970களின் தொடக்கத்தில் மருந்து தோற்றது. கேம்ப்டோதெசின் நீரில் கரையாது என்பதால் அதன் சோடியம் உப்பு நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டது. எலும்பு மஜ்ஜை நலிந்ததும் சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்ததும் கண்டு சோதனைகள் நிறுத்தப்பட்டன. காரணம் பின்னால் விளங்கியது: உப்பாக மாற்றும்போது மூலக்கூறின் ஒரு வளையம் திறந்துகொள்கிறது, திறந்த வடிவத்துக்கு ஆற்றல் இல்லை, அது சிறுநீரின் அமிலத்தன்மையில் மீண்டும் மூடிக்கொண்டு, ஆற்றல் வேண்டாத இடமான சிறுநீர்ப்பையில் வேலையைக் காட்டுகிறது.

புத்துயிர் கொடுத்தது 1985இல் கிடைத்த விளக்கம். செல் பிரியும் முன் டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது, முறுக்கேறிய இரட்டை இழையில் ஒன்றை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டும் வேலையை டோபோஐசோமரேஸ்-1 என்ற நொதி செய்கிறது. கேம்ப்டோதெசின் அந்த வெட்டில் புகுந்துகொண்டு ஒட்டவிடாமல் தடுக்கிறது. படியெடுத்துக்கொண்டு வரும் பொறியமைப்பு அந்த இடத்தில் மோதி, தற்காலிக வெட்டு நிரந்தர முறிவாகிவிடுகிறது. விடாமல் பிரியும் செல்லுக்கே இதனால் பெரும் கேடு. இதுதான் உண்மைக் காரணம் என்பதற்கு வலுவான சான்றைத் தாவரமே வைத்திருந்தது. இந்த நஞ்சைத் தானே தயாரிக்கும் சீன மரம் எப்படிப் பிழைக்கிறது என்று ஜப்பானின் சிபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடியபோது, அதன் டோபோஐசோமரேஸில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதை 2008இல் கண்டனர். கேம்ப்டோதெசினுக்கு அடங்காத மனித ரத்தப் புற்றுநோய்ச் செல்களில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்ததும் அதே மாற்றம்தான். இலக்கு எது என்று தெரிந்த பின் வளையம் திறக்காமலே கரையும் வடிவங்கள் உருவாயின. புளித்த பால் பானத்தால் பெயர் பெற்ற ஜப்பானின் யாகுல்ட் நிறுவனம் உருவாக்கிய இரினோட்டிகானும், அதன் உறவான டோப்போட்டிகானும் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மூலக்கூறு தெரிந்த நாளிலிருந்து இதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

பெங்களூருவில் தொடர்ந்த வேலை

மருந்து வென்றதும் மரத்துக்கு ஆபத்து வந்தது. செயற்கையாகத் தயாரிப்பதைவிட மரத்திலிருந்து எடுப்பதே மலிவு என்பதால் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிம்மோனியானா மரங்கள் வெட்டிக் குவிக்கப்பட்டன. பெங்களூருவின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆர். உமா சங்கர், கே. என். கணேசய்யா ஆகியோரின் குழு, மலைத்தொடரின் பல இடங்களிலிருந்து மாதிரிகளை எடுத்து, எந்த மரத்தில், எந்த உறுப்பில் எவ்வளவு கேம்ப்டோதெசின் இருக்கிறது என்று அளந்து, பெங்களூருவிலிருந்தே வெளிவரும் கரண்ட் சயன்ஸ் இதழில் 2007இல் வெளியிட்டது. ஒரே இனத்தின் மரங்களுக்குள்ளேயே அளவு பெரிதும் வேறுபட்டது. மிகுவிளைச்சல் மரங்களைக் கண்டு தோட்டமாக வளர்த்தால் காட்டை வெட்ட வேண்டியதில்லை என்பது அதன் பயன். மூலிகைச் சோதனைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: ஒரே பெயருள்ள மூலிகை என்பதால் மட்டும் இரண்டு மரங்களின் சாரம் ஒன்றாகிவிடாது.

மரத்தின் திசுக்களுக்குள் தீங்கின்றி வாழும் அகவாழ் பூஞ்சைகளும் கேம்ப்டோதெசினைத் தயாரிப்பதாக 2005இல் ஜம்மு ஆய்வகம் ஒன்று அறிவித்தது. மரத்துக்குப் பதில் தொட்டியில் பூஞ்சையை வளர்த்தால் போதும் என்ற நம்பிக்கை எழ, பெங்களூருக் குழு அதையும் சோதித்துப் பார்த்தது. ஆய்வகத்தில் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்க்க வளர்க்கப் பூஞ்சையின் உற்பத்தி குறைந்துகொண்டே போனதை அது 2010இல் பதிவு செய்தது. மரத்தை விட்டுப் பிரிந்த பூஞ்சை ஏன் இந்தத் திறனை இழக்கிறது என்பது இத்துறையின் உயிரோட்டமான கேள்விகளில் ஒன்று.

புதிய சாரங்களைத் தேடும் பணியும் இந்நகரில் நடக்கிறது. இந்திய அறிவியல் நிறுவனத்தில் சதீஷ் ராகவனின் ஆய்வகம், வெர்னோனியா கான்டன்சேட்டா என்ற செடியின் சாரத்தை முதலில் செல் வரிசைகளில் சோதித்து, பின் கட்டி வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்து, கட்டியின் வளர்ச்சி குறைந்ததையும் எலிகளின் ஆயுள் கூடியதையும் 2016இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டது. எலியின் உடலில் குடலும் கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதால் தட்டைவிட இது கண் சிறுத்த சல்லடை. எனினும் எலியிலிருந்து மனிதருக்குப் போவதற்குள் நச்சுத்தன்மைச் சோதனையும், மூன்று கட்ட மருத்துவச் சோதனைகளும் காத்திருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960க்கும் 1982க்கும் இடையே சுமார் 35,000 தாவர மாதிரிகளிலிருந்து 1,14,000 சாரங்களைச் சோதித்தும் அவற்றிலிருந்து மருந்தாக நிலைத்தவை விரல்விட்டு எண்ணும் அளவே என்பதைக் கொண்டு, மேல் சல்லடைக்கும் கீழ் சல்லடைக்கும் நடுவே எவ்வளவு உதிர்கிறது என்று மதிப்பிடலாம்.

செய்தியைப் படிக்கும் முறை

மரபறிவு சொன்ன நோய்க்கே மருந்து கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பையும் இவ்வரலாறு திருத்துகிறது. நித்தியகல்யாணி இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1950களில் சோதித்தது, நீரிழிவுக்கு அது நல்லது என்ற ஜமைக்கா மக்களின் வழக்கத்தைக் கேள்வியுற்று. எலியின் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தில் போய்த்தான் 1958இல் வின்கிறிஸ்டினின் உறவான வின்பிளாஸ்டின் பிரிக்கப்பட்டது. சீன மரம் சேகரிக்கப்பட்டது கார்ட்டிசோனுக்காக. எங்கே தேடலாம் என்பதை மரபு காட்டலாம். என்ன கிடைக்கும் என்பதைச் சோதனைதான் சொல்லும்.

ஆகவே ஒரு சாரம் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது என்ற செய்தியில் தேட வேண்டியவை சில: எந்தக் கரைப்பானில் எடுத்த சாரம், எத்தனை மைக்ரோகிராமில் கொன்றது, நலமான செல்லுக்கு என்ன ஆயிற்று, செயலுக்குரிய மூலக்கூறு பிரிக்கப்பட்டதா, விலங்கிலும் மனிதரிலும் சோதிக்கப்பட்டதா. இவற்றுக்கு விடை இல்லாத நிலையில் அந்த மூலிகையைச் சிகிச்சையோடு சேர்த்துக்கொள்வதும் தீங்கற்ற செயல் அன்று. 2002இல் நெதர்லாந்தில் நடந்த சிறிய ஆய்வொன்றில், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை உட்கொண்ட நோயாளிகளின் ரத்தத்தில், இரினோட்டிகானிலிருந்து உடல் உண்டாக்கும் செயல்படு பொருளின் அளவு 42 சதவீதம் குறைந்தது. மூலிகை கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டதே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஒரு மரத்திலிருந்து முப்பது ஆண்டு உழைப்பில் வந்த மருந்தின் பயனை, சோதிக்கப்படாத கலப்பில் இன்னொரு செடி குறைத்துவிட முடிகிறது. எனவே தாம் உட்கொள்ளும் மூலிகை எதுவானாலும், அது வீட்டுக் கஷாயமாகவே இருந்தாலும், சிகிச்சை தரும் மருத்துவரிடம் நோயாளி அதைச் சொல்லிவிடுவது மருந்தின் அளவைச் சரியாக எடுத்துக்கொள்வதைப் போலவே முக்கியம்.